கம்பி அறுந்தாலும் செய்தி சேரும்

இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. அண்ணன் துபாயில் வேலை செய்கிறார். தங்கை திருச்சியில் வாழ்கிறாள். பொத்தானை அழுத்தினால் போதும். குரல் கேட்கிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பெரும் புயல் வருகிறது. மின்கம்பங்கள் சாய்கின்றன. கைப்பேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வரவில்லை. பாட்டரி சில மணி நேரம் தாங்குகிறது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து போகிறது. கோபுரம் ஊமையாகிறது. அப்போது கையில் இருக்கும் கைப்பேசி வெறும் பெட்டிதான்.

அந்த நேரத்தில் யார் பேசுவார்கள்? வெளியூருக்கு யார் செய்தி சொல்வார்கள்?

அப்படிப் பேசக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஹாம்' என்று பெயர். அவர்கள் பயன்படுத்தும் கருவி ஹாம் ரேடியோ. அவர்களைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

அந்தமானில் நடந்தது

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை ஏறக்குறைய ஆறரை மணி. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே, கடலுக்கு அடியில், பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல் பொங்கியது. சுனாமி வந்தது.

நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மக்களுக்கு அந்த நாள் மறக்காது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு இன்னும் அருகில் இருந்தன. அங்கே சேதம் மிகக் கொடுமையாக இருந்தது. தொலைபேசி நின்றது. மின்சாரம் நின்றது. சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், கடலுக்கு நடுவில், அந்தத் தீவுகள் தனித்துப் போயின.

அந்தச் சமயத்தில் போர்ட் பிளேர் நகரில் ஒரு சிறு குழு இருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு அது. குழுவின் தலைவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோ ஒலிக்கவில்லை. அரசின் சிறப்பு அனுமதி பெற்று, அந்த மாதத் தொடக்கத்தில்தான் இவர்கள் நிலையம் அமைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் இருக்கும் ஹாம்கள் அவர்களோடு ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுனாமி வந்தது. பொழுதுபோக்குப் பேச்சு அந்த நிமிடமே நின்றது. அதே கருவி உயிர் காக்கும் கருவியாக மாறியது. தீவில் என்ன நடந்தது என்ற செய்தி அதன் வழியாக வெளியே போனது. கார் நிக்கோபார் தீவிலும் ஒரு ஹாம் நிலையம் அமைக்கப்பட்டது. 'என் மகன் உயிரோடு இருக்கிறானா?' என்று தவித்த குடும்பங்களுக்கு, 'இருக்கிறான்' என்ற சொல் வானத்தின் வழியாக வந்து சேர்ந்தது.

ஹாம் என்பவர் யார்?

ஹாம் என்பவர் ரேடியோ மூலம் பேசவும் கேட்கவும் அரசிடம் உரிமம் பெற்றவர். அவர் இதைச் சம்பளத்துக்காகச் செய்வதில்லை. ஆர்வத்துக்காகச் செய்கிறார். ஆசிரியர், மாணவி, தையல்காரர், மருத்துவர், ஓட்டுநர், இல்லத்தரசி என்று யாராகவும் இருக்கலாம். கண் பார்வை இல்லாதவர்களும் சிறந்த ஹாம்களாக இருக்கிறார்கள். இந்த வேலைக்குக் காதும் கவனமும்தான் முக்கியம்.

வீட்டில் இருக்கும் சாதாரண ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும். ஹாம் ரேடியோவில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். பேசும்போது எதிரில் இருப்பவர் கேட்க வேண்டும். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். பிறகு அவர் பேசுவார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது.

ஒவ்வொரு ஹாமுக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. வண்டிக்கு எண் இருப்பது போல. உலகத்தில் ஒரு குறி ஒருவருக்குத்தான். இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் 'வி.யு.2' அல்லது 'வி.யு.3' என்று தொடங்கும். அதன் பிறகு அவருக்கே உரிய எழுத்துகள் வரும். குறியைக் கேட்டதும், பேசுபவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரிந்துவிடும்.

கம்பி இல்லாமல் குரல் எப்படிப் போகிறது?

குளத்தில் கல்லைப் போட்டால் அலை பரவுகிறது. ரேடியோவும் அப்படித்தான். ஆன்டெனா என்ற கம்பியில் மின்சாரம் மிக வேகமாக அசைகிறது. அந்த அசைவு அலையாக வெளியே பரவுகிறது. இந்த அலை கண்ணுக்குத் தெரியாது. நமது குரல் இந்த அலையின் மேல் ஏறிப் போகிறது. தொலைவில் இன்னோர் ஆன்டெனா அலையைப் பிடிக்கிறது. அங்கே இருக்கும் கருவி அதை மறுபடியும் குரலாக மாற்றுகிறது.

அலைகளில் பல வகை உண்டு. ஒரு வகை நேராகப் போகும். கண்ணுக்கு எட்டும் தூரம் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அவ்வளவு தூரம் போகும். நடுவில் மலை இருந்தால் தடைபடும். ஆகவே உயரமான இடத்தில் ஒரு 'ரிப்பீட்டர்' வைப்பார்கள். அது கேட்டதை உடனே வலுவாக்கித் திருப்பிச் சொல்லும் கருவி. ஒரு நகரத்துக்கும் சுற்று வட்டாரத்துக்கும் இது போதும்.

இன்னொரு வகை சிற்றலை. இது மேலே போகும். பூமிக்கு மேலே பல பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் வரை, சூரியனின் சக்தியால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள் இருக்கின்றன. சிற்றலை அங்கே பட்டுத் திரும்பிக் கீழே வரும். சுவரில் எறிந்த பந்து திரும்பி வருவது போல. இப்படிப் பட்டுப் பட்டுக் கடல் தாண்டியும் போகும். இடையில் கோபுரம் வேண்டாம். கம்பி வேண்டாம்.

இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டில் தெருவெல்லாம் கேட்ட காலம் உண்டு. கடல் தாண்டி வந்த பாட்டுக்கு யாரும் கம்பி இழுக்கவில்லை. அலைதான் கொண்டு வந்தது.

ஹாம் நிலையத்துக்கு என்ன வேண்டும்? ஒரு ரேடியோ கருவி. காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பாட்டரி. இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய ஒரு கம்பி. இவை போதும். சூரிய ஒளித் தகடு இருந்தால் பாட்டரியும் தீராது. பேரிடரில் இது பயன்படுவதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

நூறு ஆண்டுக் கதை

கம்பி இல்லாமல் செய்தி அனுப்பலாம் என்பதை உலகில் பலர் ஆராய்ந்தார்கள். கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் மின் அலையைக் கொண்டு தொலைவில் மணி அடிக்க வைத்துக் காட்டினார். இத்தாலியரான மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒரு குறியை அனுப்பினார். பிறகு பல நாடுகளில் சாதாரண மக்களும் வீட்டிலேயே கருவி செய்து பேசத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் 1921-ஆம் ஆண்டிலிருந்தே ஹாம்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1924-இல் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஒரு ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்தக் கிளப் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது. பணமுடை வந்தது. 1927-இல் ஒலிபரப்பு நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938-இல்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆக, சென்னையில் அரசு வானொலிக்கு முன்னே வழி போட்டவர்கள் ஆர்வலர்கள்தான்.

1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஆங்கில அரசு ஹாம்களின் கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது. பேச்சுக்கு எவ்வளவு வலிமை என்று அரசுக்குத் தெரியும். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வந்தது. பம்பாயில் உஷா மேத்தா என்ற இளம்பெண்ணும் நண்பர்களும் காங்கிரஸ் வானொலியை மறைவாக நடத்தினார்கள். அடிக்கடி இடத்தை மாற்றிக்கொண்டே ஒலிபரப்பினார்கள். சில மாதங்களில் காவல்துறை பிடித்தது. அவர் சிறை சென்றார்.

பெங்களூரு ஏன் ஹாம்களின் ஊர்?

பெங்களூருவில் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. அது 1954-இல் தொடங்கியது. ராணுவத்துக்கு வேண்டிய ரேடியோ கருவிகளை அது செய்கிறது. அதற்கு முன்னே, 1948-இல், தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. தொழிற்சாலை இங்கே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் இந்த ஆலைகளுக்கு வேலை தேடி வந்தார்கள். 1970-களில் செயற்கைக்கோள் செய்யும் மையமும் இந்த ஊரில் வளர்ந்தது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா பீன்யாவில் இருந்த தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் உருவானது. அது 1975-இல் விண்ணுக்குப் போனது.

கருவி செய்யும் கைகள் உள்ள ஊர். மின்னணுச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு கடைகள் உள்ள ஊர். ஆகவே இங்கே ஹாம்கள் பெருகினார்கள். பெங்களூரு அமெச்சூர் ரேடியோ கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழமையானது. இந்திய ஹாம்கள் நிறுவனம் என்ற அமைப்பும் இந்த நகரில் இருந்துகொண்டு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது.

ஹாம்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கட்டணம் கேட்கமாட்டார். 'எனக்கும் ஒருவர் இப்படித்தான் கற்றுத்தந்தார்' என்பார். அறிவொளி மையத்திலும் இதே வழக்கம்தான். ஒருவர் கற்றால் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும்.

விண்ணில் ஒரு பொதுச் சொத்து

பெங்களூருவில் உள்ள விண்வெளி மையத்தின் ஊழியர்களுக்கும் ஒரு ஹாம் கிளப் உண்டு. அதன் பெயர் உபக்கிரக அமெச்சூர் ரேடியோ கிளப். உபக்கிரகம் என்றால் துணைக்கோள்.

இந்திய ஹாம்களுக்கு ஓர் ஆசை இருந்தது. மலை மேல் வைக்கும் ரிப்பீட்டரை வானத்தில் வைத்தால் என்ன? மலைக்கு மேல் இருந்தால் ஒரு மாவட்டம் கேட்கும். விண்ணில் இருந்தால் ஒரு கண்டமே கேட்குமே!

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அந்த ஆசையை நிறைவேற்றியது. 'ஹாம்சாட்' என்ற செயற்கைக்கோள் உருவானது. அதன் எடை சுமார் 42 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டை விடக் குறைவு. அதற்குள் செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்றை இந்தியர்கள் செய்தார்கள். இன்னொன்றை நெதர்லாந்து நாட்டு இளைஞர் ஒருவர் செய்து கொடுத்தார். அவரும் ஹாம்தான்.

2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பியது. அதில் கார்ட்டோசாட்-1 என்ற பெரிய செயற்கைக்கோள் போனது. கூடவே சின்னஞ்சிறு ஹாம்சாட்டும் போனது. பூமிக்கு மேலே 600 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அது சுற்றியது.

ஒரு முறை தலைக்கு மேல் வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அந்த நேரத்துக்குள் பேசிவிட வேண்டும். எல்லா நாட்டு ஹாம்களும் அதைப் பயன்படுத்தலாம். கட்டணம் கிடையாது. 2014 ஜூலை வரை, ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல், அது உழைத்தது. கடைசியில் பாட்டரி பழுதானது. அதன் பணி முடிந்தது.

ஊருக்குப் பொதுவாகக் கிணறு வெட்டுவது நம் பழக்கம். ஹாம்சாட் உலகத்துக்குப் பொதுவாக வெட்டிய கிணறு.

2010 ஜூலை 12-இல் 'ஸ்டட்சாட்' என்ற செயற்கைக்கோள் போனது. அதைச் செய்தவர்கள் பெங்களூரு, ஐதராபாத் கல்லூரி மாணவ மாணவியர். அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அது ஹாம் அலைவரிசையில்தான் குறி அனுப்பியது.

2025 ஜூலை 4-ஆம் தேதி இன்னொரு மகிழ்ச்சி. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தார். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் பள்ளி மாணவர்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டார்கள். அவர் விண்ணிலிருந்து பதில் சொன்னார். அந்தப் பேச்சு ஹாம் ரேடியோ வழியாக நடந்தது.

ஓர் எழுத்து மாறினால்

ஹாம் வேலையில் மிகவும் கடினமானது எது? கருவியை இயக்குவதா? இல்லை. சொன்னதைச் சொன்னபடியே கொண்டு சேர்ப்பதுதான்.

இப்படி நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வந்த ஊரில் ஒரு முகாம். அங்கே முருகேசன் என்பவர் நலமாக இருக்கிறார். செய்தியை வாங்கியவர் அவசரத்தில் 'முருகன்' என்று எழுதிவிட்டார். முருகன் என்பவர் வேறு ஆள். அவர் வீட்டுக்குச் செய்தி போகிறது. அங்கே நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். ஆனால் முருகன் இன்னும் கிடைக்கவில்லை. முருகேசனின் மனைவியோ இங்கே அழுதுகொண்டே இருக்கிறாள். ஓர் எழுத்துப் பிழை இரண்டு குடும்பங்களுக்குத் துன்பம்.

மருந்திலும் அப்படித்தான். பதினைந்து என்பது ஐம்பது ஆகிவிட்டால் என்ன ஆகும்?

ஆகவே ஹாம்கள் மூன்று பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

முதல் பழக்கம்: எழுத்து எழுத்தாகச் சொல்வது. இரைச்சலில் ஆங்கிலத்தின் 'பி', 'டி', 'வி' எல்லாம் ஒன்று போலவே கேட்கும். அதனால் 'பி' என்பதற்கு 'பிராவோ' என்பார்கள். 'டி' என்பதற்கு 'டெல்டா'. 'வி' என்பதற்கு 'விக்டர்'. உலகம் முழுவதும் இதே சொற்கள்தான்.

இரண்டாம் பழக்கம்: கேட்டதைத் தாளில் எழுதுவது. நினைவை நம்புவதில்லை. தேதி, நேரம், யாரிடமிருந்து, யாருக்கு என்று குறித்துவைப்பார்கள்.

மூன்றாம் பழக்கம்: எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுவது. அனுப்பியவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அடுத்த செய்தி.

கீழே ஓர் எடுத்துக்காட்டு.

"முகாம் நிலையம் பேசுகிறது. உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. எழுதத் தயாரா? ஓவர்."

"தயார். மெதுவாகச் சொல்லுங்கள். ஓவர்."

"முகாமில் 42 பேர். நான்கு, இரண்டு. குழந்தைகள் 9 பேர். குடிநீர் இன்று மாலை வரைதான் வரும். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி தொடங்கியிருக்கிறது. படகும் செவிலியரும் வேண்டும். ஓவர்."

"திருப்பிப் படிக்கிறேன். மொத்தம் 42, நான்கு இரண்டு. குழந்தைகள் 9. குடிநீர் மாலை வரை. கர்ப்பிணிக்கு வலி. படகு, செவிலியர் தேவை. சரியா? ஓவர்."

"சரி. நேரம் பகல் 1.20. நன்றி. ஓவர்."

இதில் அழுகை இல்லை. கூச்சல் இல்லை. வேண்டாத சொல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தாயையும் குழந்தையையும் காப்பாற்ற வேண்டிய எல்லாச் செய்தியும் இருக்கிறது.

எங்கெல்லாம் உதவினார்கள்?

1999 அக்டோபரில் ஒரிசாவைப் பெரும் புயல் தாக்கியது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. புஜ் நகரம் இடிந்தது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தது. இந்த இடங்களில் எல்லாம் ஹாம்கள் கருவியோடு நின்று செய்தி சேர்த்தார்கள்.

ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றுக்குச் சொந்த ரேடியோ உண்டு. படகும் வண்டியும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மீட்பு வேலையைச் செய்பவர்கள் அவர்கள். ஹாம்கள் அவர்களுக்குக் கூடுதல் காது, கூடுதல் வாய். அவ்வளவுதான். ஆனால் மற்ற வழிகள் அடைபட்ட நேரத்தில் அந்தக் கூடுதல் காதுக்கு மதிப்பு அதிகம்.

பேரிடர் இல்லாத நாளில் ஹாம்கள் சும்மா இருப்பதில்லை. தினமும் குறித்த நேரத்தில் பலர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். இதற்கு 'நெட்' என்று பெயர். ஒருவர் பெயர் கூப்பிடுவார். மற்றவர்கள் வரிசையாகப் பதில் சொல்வார்கள். நலம் விசாரிப்பார்கள். கருவியைச் சோதிப்பார்கள். கார்ப் பந்தயம், மலையேற்றம் போன்ற நிகழ்ச்சிகளில் பாதுகாப்புக்காகச் செய்தி சேர்ப்பார்கள். இது வெட்டிப் பேச்சு அல்ல. தினமும் பழகியவர் கைதான் ஆபத்தில் நடுங்காது.

ஹாம் ஆவது எப்படி?

12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம் என்பது விதி. பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மின்சாரம், ரேடியோ பற்றிய அடிப்படைப் பாடமும் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை இந்தத் தேர்வை நடத்துகிறது. உரிமத்தையும் அதுவே கொடுக்கிறது.

உரிமத்தில் இரண்டு நிலைகள் வழக்கத்தில் இருந்துவருகின்றன. ஒன்று கட்டுப்பாடான நிலை. இதற்கு மோர்ஸ் தேர்வு இல்லை. இன்னொன்று பொது நிலை. இதற்கு மோர்ஸ் தெரிய வேண்டும். மோர்ஸ் என்பது குறுக்குறியும் நெடுங்குறியும் கொண்டு எழுத்துகளைச் சொல்லும் முறை. மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில் என்று ஒலித்தால் 'ஆபத்து, காப்பாற்றுங்கள்' என்று பொருள். விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அருகில் உள்ள ஹாம் கிளப்பில் கேட்டுக்கொள்வது நல்லது.

உரிமம் இல்லாமல் ஹாம் கருவியை இயக்குவது குற்றம். கடையில் கிடைக்கிறதே என்று வாங்கிப் பேசக் கூடாது. விமானம், காவல்துறை, ஆம்புலன்ஸ் எல்லாம் ரேடியோவை நம்பி இருக்கின்றன. தவறான அலைவரிசையில் பேசினால் அவர்கள் வேலை கெடும்.

உரிமம் பெற்ற பிறகும் சில கட்டுப்பாடுகள் உண்டு.

ஹாம் ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது. செய்தி சேர்த்ததற்குப் பணம் வாங்கக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. பொய்யான ஆபத்துச் செய்தி கூடாது. பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். யாராவது 'ஆபத்து' என்று அழைத்தால் மற்றப் பேச்சை உடனே நிறுத்தி வழிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு. கருவியைத் திறந்ததும் பேசாதே. முதலில் கேள். அங்கே வேறு யாராவது பேசுகிறார்களா என்று பார். பிறகு பேசு.

நமக்கு என்ன பாடம்?

எல்லோரும் ஹாம் ஆக முடியாது. ஆனால் ஹாம்களின் மூன்று பழக்கங்கள் எல்லோருக்கும் உதவும்.

ஆம்புலன்சை அழைக்கிறீர்கள். 'சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொன்னால் வண்டி எங்கே வரும்? ஊர், தெரு, அடையாளம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

மருத்துவர் மாத்திரை பற்றிச் சொல்கிறார். எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. 'அணை உடைந்தது' என்கிறது. உடனே பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளுங்கள். ஹாம் தன் பெயர்க் குறியைச் சொல்லாமல் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பெயர் இல்லாத செய்திக்குப் பொறுப்பாளியும் இல்லை.

எழுத்துக் கற்றவர் கையில் ஒரு வலிமை இருக்கிறது. ஒருவர் சொன்னதை இன்னோர் இடத்துக்கு மாறாமல் கொண்டு செல்லும் வலிமை அது. ஊருக்கு ஆபத்து வரும் நாளில், பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவர் முகாமில் இருந்தால், அந்த முகாமுக்கே அது பலம்.

சொல்லும் பொருளும்

அலைவரிசை – ரேடியோ அலை செல்லும் தடம்
அழைப்புக் குறி – ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு தரும் தனி அடையாளம்
உரிமம் – அரசு தரும் அனுமதி, லைசென்ஸ்
ரிப்பீட்டர் – கேட்டதை வலுவாக்கித் திருப்பி அனுப்பும் கருவி
பேரிடர் – புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பெரும் ஆபத்து

பதில் சொல்லுங்கள்

1. புயலுக்குப் பிறகு கைப்பேசி ஏன் வேலை செய்யாமல் போகிறது?
2. சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழு என்ன செய்தது?
3. ஹாம்சாட் எந்த ஆண்டு விண்ணுக்குப் போனது? எத்தனை ஆண்டுகள் உழைத்தது?
4. செய்தியைத் திருப்பிப் படித்துக் காட்டுவது ஏன்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் வெள்ளமோ தீ விபத்தோ நடந்தபோது செய்தி எப்படி வெளியே போனது? தவறான செய்தி பரவியதா? அதனால் என்ன ஆனது?

செய்து பாருங்கள்

பத்துப் பேர் வரிசையாக உட்காருங்கள். முதல் ஆள் ஒரு செய்தியை அடுத்தவர் காதில் சொல்லட்டும். செய்தியில் ஒரு பெயர், ஓர் இடம், ஓர் எண் இருக்கட்டும். கடைசி ஆள் கேட்டதை உரக்கச் சொல்லட்டும். பிறகு அதே செய்தியை ஒவ்வொருவரும் தாளில் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, அடுத்தவருக்குச் சொல்லட்டும். இரண்டு முறையும் கடைசியில் வந்த செய்தியை ஒப்பிட்டுப் பாருங்கள்.